நாணயம் காக்கும் தலைமை

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய தென்சென்னைப் புறநகர்களிலிருந்து நாள்தோறும் பல்லாயிரவர் தொடர்வண்டி ஏறி வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுள் அலுவலர் உளர், ஆசிரியர் உளர், தொழிலாளரும் உளர். திங்கள்தோறும் ஊதியம் பெறுவோரே எனினும், மகளின் திருமணம், மகனின் கல்வி, எதிர்பாராது வந்த நோய் எனப் பெருஞ்செலவு நேருங்கால் அவர்களுக்குக் கைப்பொருள் போதுவதில்லை. அந்நிலையில் அவர்கள்முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கொடுவட்டிக்காரரிடம் கை நீட்டுதல். மற்றொன்று, தாம் உறுப்பினராக உள்ள கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தை அணுகுதல்.

ஒரே இடத்தில் பணி புரிவோரோ ஒரே ஊரில் வாழ்வோரோ ஒன்று கூடித் தம் சேமிப்பைப் பொதுவாகத் திரட்டி, அதிலிருந்து தமக்குள்ளேயே முறையான வட்டிக்குக் கடன் வழங்கிக்கொள்ளும் அமைப்பே நாணயச் சங்கம். அதில் பெரும்பங்கு உடையவர்க்கும் ஒரு வாக்கே. சிறுபங்கு உடையவர்க்கும் ஒரு வாக்கே. நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். இவ்விரண்டனுள் ஒன்று போயின் மற்றொன்றும் போய்விடும் என்பதைச் சங்கத்தின் பெயரே நமக்கு உணர்த்துகின்றது.

இவ்வியக்கம் செருமனி நாட்டில் முளைத்தது. உழவர்கள் கடனில் மூழ்கி வருந்துவதைக் கண்ட இரைபீசன் என்னும் ஊர்த்தலைவர், 1864-ஆம் ஆண்டில் எட்டசுடார்பு என்னும் ஊரில் கடன் சங்கம் ஒன்றை நிறுவினார். சென்னை மாகாண அரசினர் உழவர் கடனைத் தீர்க்கும் வழியை ஆராயுமாறு பிரடரிக் நிக்கல்சன் என்பவரைப் பணித்தனர். அவர் ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்து, 1895-ஆம் ஆண்டிலும் 1897-ஆம் ஆண்டிலும் தம் அறிக்கையை இரு பகுதிகளாக வெளியிட்டார். இரைபீசனைத் தேடிக் காணுங்கள் என்பதே அவ்வறிக்கையின் சாரம். சட்டமும் பணமும் மட்டும் போதா. அவரைப் போன்ற தன்னலமற்ற தலைவர் ஒருவர் ஊர்தோறும் வேண்டும் என்பது அதன் கருத்தாகும்.

1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிலேயே திரூரில் தமிழகத்தின் முதல் வேளாண் கடன் சங்கம் பதிவு பெற்றது. அவ்வூர் இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்தது. அந்நாளிலோ தாம்பரத்தைப் போலவே அதுவும் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தது.

மேனாட்டிலிருந்து நாம் கற்றது போலவே, நம் நாட்டிலிருந்து மேனாட்டாரும் கற்றனர். அமெரிக்காவின் பாசுடன் நகர வணிகரான எட்வர்டு பைலீன் 1907-ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்தார். வங்காளச் சிற்றூர்களில் எளிய உழவர்கள் தம் கடன் சங்கத்தைத் தாமே நடத்துவதைக் கண்டு வியந்தார். ஊர் திரும்பியபின், 1909-ஆம் ஆண்டில் மாசச்சூசெட்சு மாநிலத்தில் நாணயச் சங்கச் சட்டம் இயற்றப்படுவதற்குத் துணைநின்றார். நல்ல முறை எந்நாட்டில் இருப்பினும் அதனைக் கற்றுக்கொள்ளுதல் அறிவுடைமை அன்றோ?

இனி, சங்கத் தலைவர்க்குப் பயிற்சி எதற்கு என்று சிலர் வினவலாம். தென்சென்னைப் புறநகர்களில் ஏரிகள் பல உண்டு. நாற்புறத்து மழைநீரும் ஓடிவந்து ஏரியில் தங்கும். மதகு காப்பவர் முறையறிந்து திறந்தால் வயல் விளையும். முறை தவறித் திறந்தால் ஒரு வயல் அழுக, மற்றொரு வயல் காயும். சங்கத்தின் பொதுப்பணமும் அத்தகையதே.

ஐந்நூறு உறுப்பினர் கொண்ட ஒரு சங்கத்தை எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொருவரும் திங்களுக்கு 500 ரூபாய் சேமித்தால் 2,50,000 ரூபாய் சேரும். தலைவர் தம் உறவினர் ஒருவர்க்குத் தக்க பிணையாளர் இன்றி 50,000 ரூபாய் கடன் அளிக்கின்றார், அது திரும்பவில்லை. அதனால் நூறு பேருடைய ஒரு திங்கட் சேமிப்பு அழிந்துபோகின்றது. தலைவர் கள்வர் அல்லர், இரக்கம் உடையவரே. எனினும் பிறர் பொருளைக்கொண்டு இரக்கம் காட்டினார். நல்ல உள்ளம் மட்டும் தலைமைக்குப் போதாது என்பது இதனால் விளங்கும்.

ஆதலின் தலைவர் மூன்று திறன்களைப் பயில வேண்டும். முதலாவது, கணக்கறிவு. பேரேட்டையும் ஐந்தொகையையும் தாமே படித்துப் பொருள் உணராதவர் எழுத்தர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்திடுவார். இரண்டாவது, மறுக்கும் துணிவு. தகுதியற்ற கடனை உறவினர் கேட்பினும் மேலதிகாரி கேட்பினும் இன்சொல்லால் மறுக்கத் தெரிதல் வேண்டும். மூன்றாவது, பதவியை விட்டு இறங்கும் பண்பு. தமக்குப்பின் வருவோரைப் பழக்கி வைத்து, உரிய காலத்தில் இருக்கையை ஒப்படைப்பவரே உண்மைத் தலைவர். இம்மூன்றுள் முதலாவதை நூலால் அறியலாம். ஏனைய இரண்டும் பிறரோடு கலந்து பழகுதலால் வருவன.

இக்கலந்து பழகுதலுக்குப் பன்னாட்டுப் பயிற்சிகள் வாய்ப்பளிக்கின்றன. கனடா நாட்டில் அண்டிகோனிசு என்னும் சிற்றூரில் உள்ள பல்கலைக்கழகத்தில் மோசசு கோடி என்னும் பாதிரியார் பணியாற்றினார். அவர் மீனவரையும் உழவரையும் சிறு சிறு படிப்பு வட்டங்களாகக் கூட்டினார். முதலில் படிப்பு, பிறகே சங்கம் என்பது அவர்தம் முறை. அவர் மறைந்த 1959-ஆம் ஆண்டிலேயே அவர் பெயரால் அங்கே ஒரு பன்னாட்டுப் பயிற்சி நிலையம் எழுந்தது. அவ்வூரில் இம்முறையைப் பயின்ற கேப்ரியெல்லா என்னும் கன்னித்துறவியார் கொரிய நாட்டிற்குத் திரும்பி, 1960-ஆம் ஆண்டில் பூசான் நகரில் நாணயச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். தென்கொரியாவின் நாணயச் சங்க இயக்கம் அதிலிருந்தே வளர்ந்தது. ஒருவர் பெற்ற பயிற்சி ஒரு நாட்டிற்கே பயன் தந்தமையை இங்குக் காண்கிறோம்.

அமெரிக்க நாணயச் சங்கத்தார் 1982-ஆம் ஆண்டில் வளர்ச்சிக் கல்விப் பயிற்சியைத் தொடங்கினர். நம் நாட்டில் புனே நகரில் 1983-ஆம் ஆண்டில் வேளாண் வங்கிப் பயிற்சிக்கான பன்னாட்டு மையம் ஒன்று நிறுவப்பெற்றது. இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம் ஆகிய நாடுகளின் கூட்டுறவாளர்க்கு அது பயன்படுகின்றது. பல நாட்டார் ஓரிடத்தில் அமர்ந்து தத்தம் இடர்களை எடுத்துரைக்கும்போது, தமக்கு இயல்பாகத் தோன்றிய குறையும் குறையெனத் தெரியவரும். பிறர் ஊரைக் கண்டவர்க்கே தம் ஊர் நன்கு விளங்கும்.

தலைமைப் பயிற்சி கற்றோர்க்கும் உயர்பதவியினர்க்குமே உரியதென்று கருதுதல் பிழை. சென்னையில் செயா அருணாசலம் என்னும் அம்மையார் 1978-ஆம் ஆண்டில் உழைக்கும் மகளிர்க்கென ஓர் அமைப்பை நிறுவினார். 1981-ஆம் ஆண்டில் அவர்களுக்கென்றே கூட்டுறவுக் கடன் சங்கமும் அமைந்தது. தெருவில் காய்கறியும் மீனும் விற்ற மகளிர் சிறு குழுக்களாகச் சேர்ந்து, தம்முள் ஒருவரைத் தலைவியாகக் கொண்டனர். அத்தலைவியரோ, எவர்க்குக் கடன் வேண்டும், எவர் தவணை தவறாது செலுத்துவார் என்பதைத் தம் தெருவை அறிந்த அறிவினாலேயே அறிந்தனர். அவ்வறிவோடு பயிற்சியும் சேர்ந்தபோது அவர்கள் சிறந்த நிருவாகிகளாயினர்.

திருவள்ளுவரும் ஆராய்ந்து தெளிந்தே ஒருவரை வினைக்கு உரியவராக்குதல் வேண்டும் என்பதனை வலியுறுத்தத் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். அங்ஙனம் ஆராயும் கடமை நாணயச் சங்கத்தில் ஒவ்வோர் உறுப்பினரையும் சார்ந்தது. பொதுப்பேரவைக் கூட்டத்திற்குத் தவறாது செல்லுதல், தணிக்கை அறிக்கையைப் படித்தல், விளங்காததை அஞ்சாது வினவுதல் ஆகிய மூன்றும் உறுப்பினர் கடமைகளாம். வினவும் உறுப்பினர் இல்லாத சங்கத்தில், பயிற்சி பெற்ற தலைவரும் நாளடைவில் தளர்வர். நன்கு வினவுவோர் நிறைந்த சங்கத்தில் தலைவரின் நேர்மை ஓங்கும். ஏழை எளியோரின் சேமிப்பும் காக்கப்படும்.