கேசியோ கியூவி-10: ஒரு காமிராவின் நிறையும் குறையும்

ஒரு சரக்கு விலை போகிறதா, தேங்கி நிற்கிறதா என்பதை அதன் தரம் ஒன்று மட்டும் தீர்மானிப்பதில்லை. கடை வைத்திருக்கும் நம் அனைவருக்கும் இது அனுபவத்தில் தெரிந்த விஷயம். ஆனால் ஏன் அப்படி என்று கேட்டால் சற்றுத் தடுமாறுவோம். மளிகைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். நம் கல்லாவின் மேல் இருக்கும் கால்குலேட்டர் மூலம் நமக்குப் பழக்கமான கேசியோ நிறுவனம், 1995 மார்ச் மாதம் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த கியூவி-10 என்னும் டிஜிட்டல் காமிராதான் அந்தப் பொருள். விலை 65,000 யென்.

அமைப்பு

இந்தக் காமிராவுக்குப் பிலிம் ரோல் தேவையில்லை. லென்ஸ் வழியாக வரும் ஒளியை உள்ளே இருக்கும் சி.சி.டி. என்ற சில்லு மின்சாரமாக மாற்றுகிறது. அது எண்களாக மாறி 2 மெகாபைட் மெமரியில் பதிவாகிறது. அதில் 96 படங்கள் அடங்கும். 36 படம் பிடிக்கும் பிலிம் ரோல் மூன்று வாங்கினால் 108 படம். கிட்டத்தட்ட அதற்கு ஈடு. வேண்டாத படங்களை அழித்துவிட்டு மறுபடியும் எடுக்கலாம் என்பதால் ரோல் செலவும் கழுவும் செலவும் இல்லை.

செல் போடாமல் எடை 190 கிராம். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அளவுள்ள செல் 4 போட வேண்டும். லென்ஸ் உள்ள பகுதி மட்டும் தனியாகத் திரும்பும். ஆகவே காமிராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தும், நம் பக்கமே திருப்பியும் படம் எடுக்கலாம்.

நிறைகள்

எல்லாவற்றிலும் முக்கியமானது பின்புறம் இருந்த 1.8 அங்குல வண்ணத் திரை. எடுக்கப்போகும் காட்சியை அதில் பார்த்துக்கொண்டே எடுக்கலாம். எடுத்த படத்தை அந்த நிமிடமே பார்க்கலாம். கண் மூடிவிட்டதா, தலை வெட்டுப்பட்டதா என்று ஸ்டூடியோவில் கழுவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முந்தைய ஆண்டான 1994-ல் அமெரிக்காவில் வந்த ஆப்பிள் குயிக்டேக் 100 காமிரா இதைவிடத் தெளிவான படம் எடுத்தது. ஆனால் அந்தத் தெளிவில் 8 படம்தான் பிடிக்கும். எடுத்ததைப் பார்க்கத் திரையும் கிடையாது.

மேலும் கியூவி-10 காமிராவை ஒரு வயர் மூலம் டிவியில் இணைத்துக் குடும்பத்தோடு உட்கார்ந்து படம் பார்க்கலாம். கம்ப்யூட்டரிலும் இறக்கிக்கொள்ளலாம். அதே 1995 நவம்பரில் விண்டோஸ் 95 ஜப்பானில் வெளிவந்து வீடுகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்த வேளையில், படத்தைக் கம்ப்யூட்டரில் சேர்க்க விரும்பியவர்களுக்கு இது கைகொடுத்தது.

குறைகள்

குறைகளை மறைக்காமல் சொல்வதென்றால் பட்டியல் சிறியதல்ல. முதலாவது படத்தின் தரம். ஒரு படத்தில் அகலவாக்கில் 320, உயரவாக்கில் 240, ஆக மொத்தம் 76,800 புள்ளிகள்தான். 6-க்கு 4 அங்குல அளவில் துல்லியமான பிரிண்ட் போட அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள் வேண்டும். அதாவது 28 மடங்கு. இந்தக் காமிராப் படத்தை அதே துல்லியத்தில் பிரிண்ட் போட்டால் ஒரு அங்குல அகலம்தான் வரும். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும்.

இரண்டாவது, பிளாஷ் கிடையாது. இருட்டிய பிறகு பயன் குறைவு. மூன்றாவது, திரை எரியும்போதெல்லாம் செல் தீரும். ரோல் செலவு மிச்சம் என்றால் செல் செலவு கூடுதல். நான்காவது, மெமரி உள்ளேயே பொருத்தப்பட்டது. நிறைந்துவிட்டால் வேறொன்றை மாற்றிப் போட வழியில்லை. ஐந்தாவது, கம்ப்யூட்டருக்குப் படம் இறங்குவதும் மெதுவாகத்தான்.

1986 முதலே ஜப்பானில் ஒரு முறை உபயோகித்துக் கொடுத்துவிடும் பிலிம் காமிரா மலிவாகக் கிடைத்தது. பிரிண்ட் போட்டுப் பார்த்தால் அதன் படம் இந்த 65,000 யென் காமிராவின் படத்தைவிட எவ்வளவோ மேல்.

பின் எப்படி விற்றது?

இதே கேசியோ 1987-ல் வி.எஸ்.-101 என்ற பிலிம் இல்லாத காமிராவை வெளியிட்டது. அது விற்பனையில் சோபிக்கவில்லை. அசையாத படத்தை டிவியில் காட்டியது அது. அசையும் படத்தையே வீடியோ காமிரா காட்டும்போது வாங்குபவருக்கு அது எதற்கு? கியூவி-10 அந்த இடத்தில்தான் மாறியது. பிலிம் காமிராவோடு படத்தின் அழகில் போட்டிக்குப் போகவில்லை. எடுத்தவுடன் பார்ப்பது, நண்பர்களுக்குக் காட்டுவது, பிடிக்காவிட்டால் அழிப்பது என்று பிலிம் காமிராவால் முடியாத வேலையைச் செய்தது. குறைகள் தெரிந்தும் மக்கள் வாங்கினார்கள். மற்ற கம்பெனிகளும் பின்புறத் திரையை வைக்கத் தொடங்கின. 2012-ல் ஜப்பானின் தேசிய அறிவியல் அருங்காட்சியகம் இதைப் பாதுகாக்கத்தக்க தொழில்நுட்பச் சான்றுகளில் ஒன்றாகப் பதிவு செய்தது.

மறுபக்கமும் உண்டு. 1996-லேயே 640-க்கு 480 புள்ளி எடுக்கும் கியூவி-100 காமிராவைக் கேசியோவே கொண்டுவந்தது. முதல் மாடலை அதிகம் வாங்கி அடுக்கிய கடைக்காரர் எவரானாலும் அவருடைய முதல் அதில் முடங்கியிருக்கும். பிற்பாடு எடுத்தவுடன் பார்க்கும் அதே வசதியைச் செல்போன் தந்தபோது, 2018-ல் கேசியோ சிறிய டிஜிட்டல் காமிராத் தொழிலை விட்டே விலகியது. எந்த நிறையால் இந்தப் பொருள் விற்றதோ அதே நிறையை இன்னொரு பொருள் கொண்டுவந்ததும் வியாபாரம் அங்கே போய்விட்டது.

நமக்கு இதில் என்ன?

கொள்முதல் செய்யும்போது கம்பெனிக்காரர் நீட்டும் அட்டையில் உள்ள எண்களோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. இந்தச் சரக்கு வாடிக்கையாளருக்கு இதுவரை முடியாத எந்த வேலையை முடித்துக் கொடுக்கிறது என்று கேட்க வேண்டும். விடை இருந்தால் குறையுள்ள சரக்கும் நகரும். விடை இல்லாவிட்டால் உயர்ந்த சரக்கும் தூங்கும். விரைவில் மாடல் மாறும் சரக்கை விற்க விற்கக் கொஞ்சமாக எடுப்பதே முதலுக்குப் பாதுகாப்பு. குறையை விற்கும்போதே சொல்லிவிடுவதும் நல்லது. "பிரிண்ட் போட ஆகாது, டிவியில் பார்க்கலாம்" என்று கேட்டு வாங்கிப் போனவர் அந்தக் குறைக்காகத் திரும்பி வந்து சண்டை போட மாட்டார்.