வெந்நீரூற்றின் சூட்டை நெல்லுக்குக் கொடுப்போம்

2022ஆம் ஆண்டில் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் போனபோது, இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. அன்று தொடங்கி, நம் மண்ணிலேயே கிடைக்கும் சக்தியைப் பற்றிய பேச்சு வளர்ந்திருக்கிறது. அந்தப் பேச்சில் புவிவெப்பமும் அடிபடுகிறது. இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் நம்மைப் போல வெப்பவலயத் தீவு நாடுகள். மேற்கு ஜாவாவின் கமோஜாங்கில் 1983இல் நிலத்தடி நீராவியால் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய இந்தோனேசியா, இன்று அவ்வழியில் நம் நொரச்சோலை அனல்மின் நிலையத்தின் 900 மெகாவாட்டைப் போல இரு மடங்குக்கும் மேல் பெறுகிறது. அம்பாறை மாவட்டத்திலும் மகாஓயா, வகாவ, கபுரெல்ல என்று வெந்நீரூற்றுகள் இருக்கின்றன. அப்படியானால் நாமும் மின்சாரம் எடுக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் இந்த ஊற்றுகளின் பயன் மின்சாரத்தில் இல்லை, நெல்லில் இருக்கிறது.

ஜாவாவின் அடியில் புவித்தட்டு ஒன்று மற்றொன்றின் கீழ் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. அதனால் உருகிய பாறைக்குழம்பு நிலமட்டத்துக்குச் சில கிலோமீற்றர் ஆழத்திலேயே தங்கி, சுற்றியுள்ள நீரை 200 பாகை செல்சியஸுக்கும் மேல் சூடாக்குகிறது. இலங்கையில் எரிமலை இல்லை. நம் காலுக்குக் கீழே கிடப்பது பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆறிப்போன பழம்பாறை. நம் ஊற்றுகளின் சூட்டுக்குக் காரணம் வேறு. மத்திய மலைநாட்டுப் பாறைத் தொகுதியும் கிழக்கின் விஜயன் பாறைத் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே பெரும்பாலான ஊற்றுகள் அமைந்திருக்கின்றன. அங்குள்ள வெடிப்புகளின் வழியே மழைநீர் ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் கூடக் கூட இயல்பாகவே ஏறும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. பொதுவாக ஒரு கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை வரையே அந்த ஏற்றம் இருக்கும். நீரில் கரைந்துள்ள கனிமங்களைக் கொண்டு கணித்த ஆய்வாளர்கள், ஆழத்தில் நீரின் வெப்பம் 100 பாகையைத் தாண்டக்கூடும் என்கிறார்கள். ஆழமாகத் துளைத்துப் பார்க்கும் வரை அது கணிப்புத்தான்.

குறைந்த சூட்டிலும் மின்சாரம் எடுக்கும் தொழில்நுட்பம் உண்டு என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். உண்மை, அலாஸ்காவின் சேனா (Chena) வெந்நீரூற்றில் 2006 முதல் வெறும் 74 பாகை நீரைக்கொண்டு மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் அங்கே குளிர்விக்கக் கிடைக்கும் நீரின் வெப்பம் ஏறத்தாழ 5 பாகைதான். சூட்டுக்கும் குளிருக்கும் இடையிலுள்ள வேறுபாடே இந்த இயந்திரத்தை ஓட்டுகிறது. நம் தாழ்நிலத்தில் காற்றும் குளத்து நீரும் பெரும்பாலும் 28 பாகையை ஒட்டியே இருக்கும். 70 பாகை நீரைக் கொண்டுவந்தாலும் அதன் வெப்பத்தில் நூற்றுக்கு 12 பங்குக்கு மேல் மின்சாரமாக்க இயற்கை விதியே விடாது. நடைமுறையில் 5 பங்கு கிடைத்தால் பெரிது. எரிமலை இல்லாத வெப்பவலயத்துக்கு நல்ல உதாரணம் தாய்லாந்தின் ஃபாங். அங்கே 116 பாகை நீரைக்கொண்டு 1989இல் நிறுவிய நிலையத்தின் திறன் 300 கிலோவாட்தான்.

இதே வெந்நீர் நெல்லுக்கு அளவெடுத்தாற்போலப் பொருந்துகிறது. மெஷினால் வெட்டிய நெல்லில் பெரும்பாலும் நூற்றுக்கு 20க்கு மேல் ஈரம் இருக்கும். நெல் சந்தைப்படுத்தும் சபையிடம் முழு விலை பெற ஈரம் 14க்கு மேல் இருக்கக் கூடாது. பெரும்போக அறுவடைக் காலத்தில் மழை முழுதாக விட்டுப்போவதில்லை. ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கங்களில் தார் வீதியோரத்தில் நெல்லைப் பரப்பிவிட்டு, மேகம் கறுத்தால் தறப்பாளோடு ஓடுவதே விவசாயிகளின் பாடு. காயவைக்க இடமோ வெயிலோ இல்லாதவர் ஈரநெல்லை வியாபாரி சொல்லும் விலைக்கே கொடுத்துவிடுகிறார். நெல்லைக் காயவைக்க நெருப்பின் சூடு தேவையில்லை; விதைநெல் என்றால் 43 பாகைக்கு மேல் சூடு படவே கூடாது. 65 பாகை வெந்நீரைக் குழாய்களில் ஓடவிட்டு, அவற்றின் மேல் விசிறியால் காற்றை ஊதினால் தேவையான சூட்டில் காற்று கிடைத்துவிடும்.

இது வெறும் கற்பனையல்ல. நெல் விளையும் வட மசிடோனியாவின் கொச்சானி நகரில் ஏறத்தாழ 75 பாகை நிலத்தடி வெந்நீரால் நெல் உலர்த்தியிருக்கிறார்கள். கணக்கும் எளிதுதான். நொடிக்கு ஒரு லீற்றர் வெந்நீரை 65 பாகையிலிருந்து 45 பாகைக்கு ஆறவிட்டால் 84 கிலோவாட் வெப்பம் கிடைக்கும். அதிலிருந்து மின்சாரம் எடுத்தால் சுமார் 4 கிலோவாட். சில வீடுகளுக்கு மேல் போதாது. அதே வெப்பத்தில் பாதி வீணானாலும், இரவு பகலாக ஓட்டினால் நாளொன்றுக்குச் சுமார் 15 தொன் ஈரநெல்லை உலர்த்திவிடலாம்.

வெயில் இலவசமாகக் கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். மின்சாரத்துக்குச் சூரியனே நல்ல வழி. விசிறியை ஓட்டவும் அது உதவும். ஆனால் நெல் நனையும் நாட்களும் வெயில் இல்லாத நாட்களும் ஒன்றாகவே வருகின்றன. 2011 ஜனவரி வெள்ளத்தை அம்பாறை மறந்திருக்காது. உமியை எரித்தாலே போதாதா என்றால், உமி இருப்பது ஆலைக்காரரிடம். வயலோரத்தில் ஈரநெல்லோடு நிற்பவரிடம் இல்லை. எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம் தூரம்தான். ஊற்றுகள் மாவட்டத்தின் உட்பகுதியில் இருக்கின்றன. சூட்டை லொறியில் ஏற்றிக் கரையோரத்துக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே முதல் பயன் மகாஓயா, பதியத்தலாவைப் பக்கத்து விவசாயிகளுக்கே போகும். அது குறையல்ல. அம்பாறையிலிருந்து உகன வழியாகக் கண்டிக்குச் செல்லும் பாதையில்தான் மகாஓயா இருக்கிறது. அவ்வழியே வெளியூர் ஆலைகளுக்குப் போகும் கரையோர நெல்லையும் அங்கே உலர்த்தி அனுப்பலாம்.

ஊற்று வற்றிவிடுமோ என்ற அச்சத்தையும் ஒதுக்கக் கூடாது. நியூசிலாந்தின் ரொட்டோருவாவில் அளவின்றிக் கிணறு தோண்டியதால் வெந்நீர்ப் பீச்சூற்றுகள் மெலிந்தன. 1980களின் பிற்பகுதியில் முக்கியப் பீச்சூற்றிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் இருந்த கிணறுகளை அரசு மூடிய பிறகே அவை மீண்டன. நம் உலர்வலய நிலத்தடி நீரில் புளோரைட் மிகுந்த இடங்களும் உண்டு. அத்தகைய நீரை வாய்க்காலில் விடலாகாது. எனவே ஊற்றுக்கு எட்டத்தில் கிணறு தோண்டி, சூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, நீரை மீண்டும் நிலத்துக்குள்ளேயே அனுப்ப வேண்டும். மக்கள் நீராடியும் பிதிர்க்கடன் செய்தும் வரும் திருகோணமலைக் கன்னியா போன்ற இடங்களைத் தொடவே வேண்டியதில்லை.

ஆகவே மெகாவாட் கனவுக்காகக் கோடிகளைக் கொட்டுவதற்கு முன்பு, மாவட்டத்தில் ஏற்கெனவே தோண்டிய குழாய்க் கிணறுகளின் வெப்பத்தை அளந்து வரைபடமாக்க வேண்டும். பிறகு மகாஓயாப் பக்கம் ஒரேயொரு உலர்த்தும் நிலையத்தை அமைத்து, கமக்கார அமைப்புகளிடமே ஒப்படைத்து, இரண்டு போகம் நடத்திப் பார்க்கட்டும். ஆழத்தில் உண்மையிலேயே பெருஞ்சூடு இருந்தால் அது எங்கும் ஓடிவிடாது. மின்சாரத்தைப் பிறகும் எடுக்கலாம். இன்று ஈரநெல்லை அடிமாட்டு விலைக்கு விற்கும் விவசாயிக்கு அவ்வளவு காலம் பொறுக்க இயலாது.