பொடி எழுத்தில் இருக்கிறது வரி

அமெரிக்க நகரம் ஒன்றில் ஓர் உணவகம். வெள்ளிக்கிழமை இரவு. முதல் மேசையில் இருவர் சாப்பிட்டார்கள்; பில் 40 டாலர். கார்டைத் தேய்த்துவிட்டு, ரசீதின் அடியில் விட்டிருந்த கோட்டில் 8 டாலர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த மேசையில் பத்துப் பேர். பில் 300 டாலர். கூட்டமாக வருபவர்களுக்கு 18 சதவீதம் சேவைக் கட்டணம் என்பது அந்த உணவகத்தின் வழக்கம். 54 டாலரையும் சேர்த்தே பில் அச்சாகி வந்துவிட்டது. இரண்டு தொகையும் ஒரே பெண்ணின் கைக்குத்தான் போய்ச் சேர்ந்தன. இரண்டு மேசைக்கும் பரிமாறியவர் அவர்தான். ஆனால் அமெரிக்க வரித்துறையின் கணக்கில் 8 டாலர் டிப்ஸ். 54 டாலர் வெறும் சம்பளம். முன்னதற்குப் புதிய சலுகை உண்டு, பின்னதற்கு இல்லை.

‘டிப்ஸுக்கு வரி இல்லை’ என்று தேர்தல் மேடையில் மூன்று சொல்லில் முடிந்த வாக்குறுதி, சட்டமாகி, விதியாகி, படிவமாகி இறங்கி வரும்போது இப்படித்தான் ஆகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். அமெரிக்க மத்திய அரசின் வரிகளைப் பொறுத்தவரை நாடாளுமன்றம் சாமி என்றால், ஐ.ஆர்.எஸ். எனப்படும் உள்நாட்டு வருவாய்த் துறைதான் பூசாரி.

எங்கிருந்து வந்தது இந்தச் சட்டம்?

2017-ல் டிரம்பின் முதல் ஆட்சியில் வருமான வரி விகிதங்கள் குறைக்கப்பட்டன. தனிநபர்களுக்கான அந்தச் சலுகைகளில் பெரும்பாலானவற்றுக்கு 2025 டிசம்பர் 31 கெடு வைக்கப்பட்டிருந்தது. கெடு முடிந்திருந்தால் கோடிக்கணக்கானோருக்கு வரி தானாகவே ஏறியிருக்கும். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான ‘ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்’ சட்டம் அந்த விகிதங்களை நிரந்தரமாக்கியது. எல்லோருக்கும் பொதுவான நிலைக் கழிவு 2025-ம் ஆண்டுக்குத் தனிநபருக்கு 15,750 டாலராகவும், சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு 31,500 டாலராகவும் உயர்ந்தது. கூடவே டிப்ஸ், ஓவர்டைம், முதியோர், கார் கடன் என்று நான்கு புதிய கழிவுகள் வந்தன. இந்த நான்கும் நிரந்தரமல்ல. 2025 முதல் 2028 வரை மட்டுமே.

சட்டம் ஆண்டின் நடுவில் வந்தது, ஆனால் ஜனவரி முதலே செல்லுபடியாகும் என்றது. அதற்குள் பாதி வருடச் சம்பளம் பழைய முறைப்படி பிடித்தம் போக வழங்கப்பட்டுவிட்டது. ஆகவே அடுத்த சில மாதங்களில் ஐ.ஆர்.எஸ். அறிவிப்புக்கு மேல் அறிவிப்பாக வெளியிட வேண்டியதாயிற்று.

இந்த வழிகாட்டுதல்கள் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. சட்டம் மேலே. அதன் கீழே, வரைவு வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டு இறுதி செய்யப்படும் விதிகள். அடுத்து தீர்ப்புரைகள், நடைமுறை ஆணைகள், அறிவிப்புகள். கடைசிப் படியில், இணையதளத்தில் வரும் கேள்வி-பதில். அதைப் படித்துவிட்டு நேர்மையாகக் கணக்குக் காட்டியவருக்கு அபராதத்திலிருந்து தப்ப வழி உண்டு. ஆனால் வழக்கென்று வந்தால் அதைச் சட்டமாகக் காட்ட முடியாது. சட்டத்தில் தெளிவில்லாத இடத்தில் அரசுத் துறை சொல்லும் பொருளை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்ற நாற்பதாண்டுக் கால நெறியை 2024-ல் உச்ச நீதிமன்றம் கைவிட்டது. இப்போது பூசாரி சொல்வதும் முடிந்த முடிவு அல்ல.

டிப்ஸ்: விலக்கு அல்ல, கழிவு

டிப்ஸாக வாங்கிய தொகையில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பதுதான் சட்டம். வருமானம் 1,50,000 டாலரை (தம்பதிக்கு 3,00,000) தாண்டினால் சலுகை படிப்படியாகக் குறையும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். திருமணமாகாத ஒருவருக்குச் சம்பளம் 30,000, டிப்ஸ் 12,000. நிலைக் கழிவு போக அவர் 26,250 டாலருக்கு வரி கட்ட வேண்டியிருந்தது. இப்போது டிப்ஸும் கழிவதால் அது 14,250 ஆகிறது. 12 சதவீத அடுக்கில் இருப்பதால் மிச்சம் 1,440 டாலர். ஆனால் அதே டிப்ஸுக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தமான 7.65 சதவீதம், அதாவது 918 டாலர், முன்போலவே போகும். மாநில வருமான வரி இருக்கும் இடங்களில், அந்த மாநிலமும் இந்தச் சலுகையை ஏற்றால்தான் அங்கும் குறையும். மொத்த வருமானமே 15,750-க்குள் இருப்பவருக்கு இந்தக் கழிவு இல்லாமலே வரி இல்லை. எனவே புதிதாக லாபமும் இல்லை.

அடுத்த கேள்வி, யாருக்கு என்பது. 2024 இறுதிக்கு முன்பே வழக்கமாக டிப்ஸ் வாங்கி வந்த தொழில்களுக்கு மட்டும் என்றது சட்டம். பட்டியல் போடும் வேலை கருவூலத் துறையின் தலையில் விழுந்தது. 2025 செப்டம்பரில் வெளியான வரைவில் சுமார் 70 தொழில்கள் இருந்தன. பரிமாறுபவர், முடிதிருத்துபவர், விடுதிப் பணியாளர், டாக்சி ஓட்டுநர் என்று எதிர்பார்த்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். வீடுகளுக்கு வந்து வேலை பார்க்கும் பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஏன், இணையத்தில் வீடியோ போடுபவர்களும்கூட இடம்பெற்றார்கள்.

சட்டம் ‘ரொக்க டிப்ஸ்’ என்கிறது. ஆனால் கார்டில் கொடுப்பதும் ரொக்கம்தான் என்று பொருள் விரிகிறது. அதேசமயம், வாடிக்கையாளர் தானாக முடிவு செய்து கொடுத்ததாக இருக்க வேண்டும். மாற்றவோ மறுக்கவோ வழியில்லாமல் பில்லில் ஏறிவரும் தொகை டிப்ஸ் ஆகாது. பத்துப் பேர் மேசையின் 54 டாலர் அடிபட்டது இதனால்தான்.

ஓவர்டைம்: ஒன்றரையில் அரை

ஓவர்டைமுக்கு 12,500 டாலர் வரை (தம்பதிக்கு 25,000) கழிவு உண்டு. இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். மணிக்கு 20 டாலர் சம்பளம் வாங்கும் தொழிலாளி, வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு ஒன்றரை மடங்காக 30 டாலர் பெறுகிறார். வருடத்தில் 300 மணி நேரம் அப்படி உழைத்து 9,000 டாலர் சம்பாதித்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கழிக்கக்கூடியது 9,000 அல்ல. வழக்கமான கூலிக்கு மேலே கிடைத்த அந்த அரைப் பங்கு மட்டும், அதாவது 3,000. 12 சதவீத அடுக்கில் அவருக்கு மிச்சமாவது 360 டாலர்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. 1938-ம் ஆண்டின் மத்தியத் தொழிலாளர் சட்டம் கட்டாயமாக்கிய ஓவர்டைமுக்குத்தான் கழிவு. ஒரு நாளில் எட்டு மணி நேரத்தைத் தாண்டினாலே கூடுதல் கூலி என்று கலிபோர்னியா மாநிலச் சட்டம் சொல்கிறது. ஆனால் வார மொத்தம் 40 மணியைத் தாண்டாவிட்டால் அந்தக் கூடுதலுக்குக் கழிவு இல்லை. மாதச் சம்பளத்தில் இரவு பகலாக உட்கார்ந்திருக்கும் சாஃப்ட்வேர் பொறியாளர்களில் பெரும்பாலோர் அந்தச் சட்டத்தின் ஓவர்டைம் பிரிவுக்குள் வருவதே இல்லை.

மற்ற இரண்டு புதிய கழிவுகளிலும் இதே கதைதான். ‘ஓய்வூதியத்துக்கு வரி இல்லை’ என்று மேடையில் பேசப்பட்டது; சட்டத்தில் வந்தது, 65 வயதானவர்களுக்குத் தலைக்கு 6,000 டாலர் கழிவு. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு வரி போடும் பழைய விதி அப்படியே இருக்கிறது. கார் கடன் வட்டியில் 10,000 டாலர் வரை கழிக்கலாம்; ஆனால் கார் புதியதாக, அமெரிக்க மண்ணில் கடைசிப் பொருத்தம் முடிந்து வெளிவந்ததாக இருக்க வேண்டும். பழைய காருக்கும் குத்தகைக் காருக்கும் கிடையாது.

தொழில்களுக்கு: தேதியும் இடமும்

நிறுவனங்கள் வாங்கும் இயந்திரத்தின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே செலவாகக் காட்டும் வசதி படிப்படியாகக் குறைந்து 2025-ல் 40 சதவீதமாக இருந்தது. புதிய சட்டம் அதை மீண்டும் 100 சதவீதமாக்கி நிரந்தரப்படுத்தியது. ஆனால் 2025 ஜனவரி 19-க்குப் பிறகு ‘வாங்கியதாக’ இருக்க வேண்டும். வாங்கியது என்றால் என்று? பொருள் வந்து இறங்கிய நாளா? இல்லை, கட்டுப்படுத்தும் எழுத்து ஒப்பந்தம் கையெழுத்தான நாள். ஜனவரி 10-ல் கையெழுத்திட்டு மார்ச்சில் இயந்திரத்தை இறக்கியவருக்கு 40 சதவீதம். ஜனவரி 25-ல் கையெழுத்திட்டு அதே மார்ச்சில் இறக்கியவருக்கு 100 சதவீதம்.

இதைவிடப் பெரிய மாற்றம் ஆராய்ச்சி-மேம்பாட்டுச் செலவில். 2017 சட்டத்தின்படி 2022 முதல் இந்தச் செலவை அந்தந்த ஆண்டே கழிக்க முடியாமல் போயிற்று. உள்நாட்டில் செய்தால் 5 ஆண்டுகளுக்கும், வெளிநாட்டில் செய்தால் 15 ஆண்டுகளுக்கும் பிரித்துத்தான் காட்ட வேண்டியிருந்தது. சாஃப்ட்வேர் எழுதுவதும் ஆராய்ச்சிதான் என்று சட்டமே சொல்லிவிட்டது.

இது எப்படிக் கடித்தது என்று பாருங்கள். ஒரு சிறிய சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வரவு 10 லட்சம் டாலர். புரோகிராமர் சம்பளம் 9 லட்சம். கையில் நிற்பது 1 லட்சம். ஆனால் முதல் ஆண்டில் பாதி வருடக் கணக்கே எடுக்கப்படுவதால், 9 லட்சத்தில் பத்தில் ஒரு பங்கு, 90,000 மட்டுமே செலவாகும். ஏட்டில் லாபம் 9,10,000. அதற்கு 21 சதவீத வரி 1,91,100. ஈட்டிய லாபத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! புதிய சட்டப்படி உள்நாட்டுச் செலவை 2025 முதல் முழுதாகக் கழிக்கலாம். வரி 21,000 ஆகிவிடும். ஆண்டு வரவு சராசரியாக 3.1 கோடி டாலருக்குள் இருக்கும் சிறு நிறுவனங்கள், 2022 வரை பின்னோக்கிப் போய்க் கணக்கைத் திருத்திப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்கான நடைமுறையை 2025 ஆகஸ்டில் ஐ.ஆர்.எஸ். வெளியிட்டது.

கவனிக்க வேண்டியது, வெளிநாட்டுச் செலவுக்கு எதுவும் மாறவில்லை என்பது. மேலே சொன்ன கம்பெனி அதே 9 லட்சத்தைச் சென்னையில் ஒரு குழுவுக்குக் கொடுத்திருந்தால், முதல் ஆண்டில் முப்பதில் ஒரு பங்கு, 30,000 மட்டுமே கழியும்; வரி 2,03,700. பழைய மஹாபலிபுரம் சாலை அலுவலகங்களில் வேலையை முடிவு செய்வது கூலி வித்தியாசம் மட்டுமல்ல; இந்தப் பதினைந்து வருடமும் தராசில் ஏறுகிறது.

ஊருக்கு அனுப்பும் பணம்

2025 மே மாதம் அமெரிக்கத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களைக் கலக்கிய செய்தி இது. குடியுரிமை இல்லாதவர்கள் சொந்த நாட்டுக்குப் பணம் அனுப்பினால் 5 சதவீத வரி என்று மசோதாவில் இருந்தது. பிரதிநிதிகள் சபையில் நிறைவேறும்போது 3.5 ஆனது; செனட்டில் 1 சதவீதமாகக் குறைந்தது. குடியுரிமைப் பாகுபாடும் போயிற்று. 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்த வரி, கவுன்டரில் ரொக்கமாகவோ மணி ஆர்டராகவோ கேஷியர் செக்காகவோ கொடுத்து அனுப்பும் பணத்துக்கு மட்டும். 500 டாலர் ரொக்கம் கட்டினால் 5 டாலர் வரி. அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ அமெரிக்காவில் வழங்கப்பட்ட கார்டிலிருந்தோ அனுப்பினால் ஒரு காசும் இல்லை. மாம்பலத்து அம்மாவுக்கு மாதாமாதம் வங்கி வழியே அனுப்புபவருக்கு இதனால் ஒன்றுமில்லை. வங்கிக் கணக்கு இல்லாமல் ரொக்கக் கூலி வாங்கும் தொழிலாளிதான் கட்டுவார்.

குடும்பத்தோடு விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். குழந்தைக்கான வரிச்சலுகை 2,200 டாலராக உயர்ந்தது. ஆனால் குழந்தைக்கும், பெற்றோரில் ஒருவருக்காவது சமூகப் பாதுகாப்பு எண் இருக்க வேண்டும். அங்கே பிறந்த பிள்ளைக்கு அது உண்டு. இந்தியாவில் பிறந்து சார்பு விசாவில் வந்த அக்காவுக்கு அது இருக்காது. ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்கு 2,200. இன்னொரு பிள்ளைக்கு 500.

காகிதம் வராவிட்டாலும் வரி வரும்

செயலிகள் வழியே விற்பவர்களுக்குக் கொடுக்கும் 1099-கே படிவத்தின் வரலாறு வேடிக்கையானது. 2021-ல் ஒரு சட்டம் அதன் வரம்பை 600 டாலராகக் குறைத்தது. எதிர்ப்பு கிளம்பவே ஐ.ஆர்.எஸ். ஆண்டுதோறும் அறிவிப்பு போட்டுத் தள்ளிவைத்துக்கொண்டே வந்தது. புதிய சட்டம் பழைய 20,000 டாலர், 200 பரிவர்த்தனை என்ற வரம்புக்கே திரும்பிவிட்டது. படிவம் வராததால் வருமானத்தைக் காட்ட வேண்டாம் என்று பொருளல்ல. மாறியது அரசுக்குச் சேதி போகும் வழிதான், கடமை மாறவில்லை.

இதே சிக்கல் மறுபக்கமாக ஓவர்டைமில் வந்தது. 2025-க்கான டபிள்யூ-2 சம்பளப் படிவத்தில் மாற்றம் இல்லை என்றும், ஓவர்டைமைத் தனியாகக் காட்டாத முதலாளிகளுக்கு அபராதம் இல்லை என்றும் ஐ.ஆர்.எஸ். அறிவித்தது. அப்படியானால் தொழிலாளி தன் கழிவை எப்படிக் கணக்கிடுவது? அதற்கும் ஓர் அறிவிப்பு வந்தது: சம்பளச் சீட்டில் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் மொத்தமாக இருந்தால், அதை மூன்றால் வகுத்துக்கொள்.

ஆயிரம் பக்கத்தை நெருங்கும் சட்டம், கடைசியில் ஒரு தொழிலாளியின் வீட்டில் ஒரு வகுத்தல் கணக்காக வந்து நின்றது. வருடம் முழுக்க வந்த சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்தவருக்கு 360 டாலர். குப்பையில் போட்டவருக்கு, வகுப்பதற்கு எண்ணே இல்லை.