நூக்கோல் என்ன விலை?

மக்களே, ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆணி அதிகம். இந்தத் தடவை நிஜமாவே மண்ணுல உக்காந்து புடுங்கினது, அதாவது களை :-)

நான் படிக்கிற ஊர் விட்சன்ஹவுசன். ஜெர்மனிக்கு நடுவுல வெர்ரா ஆத்தங்கரையில இருக்கிற சின்ன ஊர், செர்ரிப் பழத்துக்குப் பேர்போனது. காசெல் பல்கலைக்கழகத்தோட இயற்கை வேளாண்மைத் துறை இங்கதான் இருக்கு. ஊருக்கு வெளியே மூணு ஏக்கர் காய்கறித் தோட்டத்துல எனக்கு வாரம் ரெண்டு நாள் வேலை. நிரந்தரமா இருக்கிறது மூணே பேர். அதுல மூத்தவங்களைத் தோட்டக்காரம்மான்னு வெச்சுக்குவோம்.

ஜூன்ல இங்க அஞ்சு மணிக்கே பளபளன்னு விடிஞ்சிடும். ஆறு மணிக்கு முதல் வேலை சாலட் கீரை அறுக்கிறது. வெயில் ஏறிட்டா பெட்டியில வெச்ச கொஞ்ச நேரத்துல துவண்டுடும், அதனால பனி ஈரத்தோடயே அறுத்து நிழலுக்குக் கொண்டு போயிடணும். அடுத்து முள்ளங்கி கட்டு கட்டுறது, நூக்கோல் பறிக்கிறது. அப்புறம் களை. நீளமான கம்புல ஆடுற தகடு மாட்டின ஒரு களைக்கருவி, நின்னுகிட்டே இழுக்கலாம். களை நூல் மாதிரி முளைக்கும்போதே, காய்ஞ்ச நாளாப் பார்த்துக் கிளறி விட்டுடணும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கும்.

முதல் வாரம் நான் ஒரு வகைக் களையை மட்டும் தனியா ஓரமா வெச்சேன். தோட்டக்காரம்மா எதுக்குன்னு கேட்டாங்க. அது நம்ம முளைக்கீரையோட பங்காளி! அன்னிக்கு ராத்திரி பருப்பு போட்டுக் கடைஞ்சு, மறுநாள் ஒரு டப்பா கொண்டு போனேன். இப்ப அந்தக் களை எங்க மண்டினாலும் "உன் கீரை வந்திருக்கு"ன்னு கூப்பிடுறாங்க.

மதியம் தக்காளிக் கூடாரம். மே 11லேர்ந்து 15 வரைக்கும் இங்க 'பனிப் புனிதர்கள்' நாள்னு சொல்வாங்க. அது தாண்டாம திறந்தவெளியில தக்காளி நட மாட்டாங்க, உறைபனி அடிச்சிடும்னு பயம். கூடாரத்துக்குள்ள கொஞ்சம் முன்னாடியே நட்டுடலாம். என் வேலை பக்கக் கொழுந்தைக் கிள்ளிட்டு, தண்டைக் கயித்துல சுத்தி விடுறது. ஒரு மணி நேரத்துல கை பச்சையும் கறுப்புமா ஆயிடும், சோப்புப் போட்டாலும் போகாது. அந்த வாசனை வந்தாலே எனக்கு அப்பா ஞாபகம்தான்.

எங்க வீடு ஒட்டன்சத்திரம் பக்கம். நான் பிளஸ் டூ படிச்சப்ப அப்பா ஒன்றரை ஏக்கர் தக்காளி போட்டிருந்தார். நல்ல விளைச்சல், அதுதான் பிரச்சினையே. எல்லாருக்கும் நல்லா விளைஞ்சதுல, பெட்டிக்குக் கிடைச்ச காசு பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் காணலை. கடைசி ரெண்டு பறிப்பை ரோட்டோரம் கொட்டிட்டு வந்தார். அடுத்த வருஷத்துலேர்ந்து மக்காச்சோளம்தான்.

அதனால போன் பண்ணினா அவரோட முதல் கேள்வியே "அங்க நூக்கோல் என்ன விலை?" இந்தத் தோட்டத்துல விலையே கிடையாதுங்கிறதை அவருக்குப் புரிய வைக்க எனக்கு மூணு போன் கால் ஆச்சு. எண்பது குடும்பம் உறுப்பினர். குளிர்காலத்துல எல்லாரும் கூடுவாங்க. விதை, டீசல், சம்பளம்னு வருஷச் செலவை வாசிப்பாங்க. அவங்கவங்க மாசம் எவ்வளவு தர முடியும்னு பேர் போடாம சீட்டுல எழுதணும். கூட்டிப் பார்த்து, பத்தலைன்னா இன்னொரு சுத்து. விளைஞ்சதைப் பங்கு போட்டுக்குவாங்க. ஜெர்மனியில 1988ல ஹாம்பர்க் பக்கத்துல புஷ்பெர்க்ஹோஃப்ங்கிற பண்ணை ஆரம்பிச்ச முறை இது.

கேட்க ஜோரா இருக்கு, ஆனா இதுலயும் தோட்டக்காரம்மா ஒண்ணும் பணக்காரி ஆயிடலை. அவங்க உழைக்கிற மணிக்கணக்குக்கு நகரத்துல வேற எந்த வேலையும் கூடத் தரும். சில குடும்பம் "மூணு வாரமா சாலட்டேதானா?"ன்னு சலிச்சுகிட்டு அடுத்த வருஷம் நின்னுடறாங்க. ஜூன்ல வேற என்னத்தைத் தர்றது?

போன வாரம் ஆலங்கட்டி மழை. பத்தே நிமிஷம். மூணு பாத்தி சாலட்டும் கிழிஞ்ச துணி மாதிரி கிடந்துச்சு. தோட்டக்காரம்மா வரப்புல அப்படியே உக்காந்துட்டாங்க. "சம்பளம் வந்துடும். ஆனாலும் இதைப் பார்க்க முடியலை"ன்னாங்க. வியாழக்கிழமை பங்கு வாங்க வந்தவங்க, கிழிஞ்ச இலையையே பையில அள்ளிட்டுப் போனாங்க. ஒருத்தர் மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுகிட்டார்.

அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"காசைத் திருப்பிக் கேக்கலையா?"

"கேக்கலைப்பா."

"நம்மூர்ல எண்பது பேரு முன்கூட்டியே குடுப்பானாக்கும்?"

நான் பதில் சொல்லலை. எனக்கும் தெரியாது. அவரே தொடர்ந்தார். "சரி தம்பி, அந்தப் பாத்தியில அடுத்து என்ன வெக்கிறீங்க?"

பீன்ஸ்னு சொன்னேன். கொடியா செடியா, எத்தனை நாள்ல காய்க்கும், இடைவெளி எவ்வளவு விடுறீங்கன்னு இருபது நிமிஷம் கேட்டார். விலையை மட்டும் கேக்கலை.