பதினொன்றாவது தடை



பள்ளி விளையாட்டு விழாவில் தடை தாண்டும் ஓட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். சிலர் ஓடியும் இருப்பீர்கள். முழங்கால் கட்டையில் இடித்துவிட்டால் எப்படி வலிக்கும் என்பது ஓடியவர்களுக்குத் தெரியும். இந்த ஓட்டத்தில் உலக சாதனை படைத்த ஒருவரைப் பற்றி இந்த இதழில் படிப்போம். அவர் தாண்டிய பத்துத் தடைகள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தவை. பதினொன்றாவது தடை அவருடைய உடம்புக்குள்ளேயே இருந்தது.

அவர் பெயர் ஏரிஸ் மெரிட். 1985-ஆம் ஆண்டு ஜூலை 24 அன்று அமெரிக்காவில் சிகாகோ நகரில் பிறந்தார். ஜார்ஜியா மாநிலத்தில் மேரியட்டா என்ற ஊரில் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 2004-இல் உலக ஜூனியர் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றார். 2006-இல், டென்னசி பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடந்த போட்டியிலும் முதலிடம் அவருக்கே. ஆனால் அதன்பின் பல ஆண்டுகள் முயன்றும் 13 விநாடிக்குக் குறைவாக அவரால் ஓட முடியவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஆண்களுக்கான இந்த ஓட்டத்தின் தூரம் 110 மீட்டர். ஒவ்வொரு தடையும் 1.067 மீட்டர் உயரம். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 13.72 மீட்டர். ஒரு தடைக்கும் அடுத்ததற்கும் இடையே 9.14 மீட்டர். கடைசித் தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 14.02 மீட்டர். பத்துத் தடைகளுக்கு நடுவே ஒன்பது இடைவெளிகள் உண்டு அல்லவா? கூட்டிப் பாருங்கள். சரியாக 110 வரும்.

தடைகளுக்கு இடையே எல்லோருமே மூன்று தப்படிதான் வைக்கிறார்கள். முதல் தடைக்கு ஓடும்போதுதான் மாற்றம் செய்ய இடம் உண்டு. முன்பெல்லாம் வழக்கமாக எட்டுத் தப்படி வைத்து, தடைக்குச் சுமார் 2 மீட்டர் முன்னே காலை ஊன்றித் தாவுவார்கள். மெரிட்டும் அப்படித்தான் ஓடி வந்தார். 2012 பருவத்துக்காக அவரும் அவருடைய பயிற்சியாளர் ஆண்ட்ரியாஸ் பேமும் அதை ஏழாகக் குறைத்தார்கள்.

ஒரு தப்படியில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்கிறீர்களா? தாவும் இடம் வரை சுமார் 11.7 மீட்டர். அதை எட்டால் வகுத்தால் 1.46 மீட்டர், ஏழால் வகுத்தால் 1.67 மீட்டர். ஒவ்வொரு தப்படியும் 20 சென்டிமீட்டருக்கு மேல் நீள வேண்டும். அதற்குத் தரையை இன்னும் பலமாக உதைக்க வேண்டும். பலம் போதாவிட்டால் வேகம் குறைந்துபோகும். பலம் போதுமானால், தடைக்கு முன்னே காலைக் குறுக்கிக்கொள்ளாமல் முழு வேகத்தில் தாவலாம். இன்னொரு தொல்லையும் உண்டு. எண்ணிக்கை ஒற்றைப்படை ஆகிவிட்டதால், தாவும் கால் மாறாமல் இருக்க, புறப்படும் காலை மாற்றியாக வேண்டும். பல ஆண்டுப் பழக்கத்தை மறந்து புதிதாகப் படிக்க வேண்டும்!

பலன் கிடைத்தது. 2012 ஆகஸ்ட் 8 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் 12.92 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். செப்டம்பர் 7 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரில் 12.80 விநாடி. அதுவரை உலக சாதனை, கியூபாவின் டைரன் ரோபிள்ஸ் 2008-இல் ஓடிய 12.87 விநாடியாக இருந்தது.

உடம்புக்குள் இருந்த தடை

அடுத்த ஆண்டே அவர் நோயில் விழுந்தார். சிறுநீரகங்கள் பழுதடைந்திருந்தன. மரபுவழியாக வரும் அரிய குறை என்று மருத்துவர்கள் கண்டார்கள். மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார்.

சிறுநீரகம் கைமுஷ்டி அளவே உள்ள உறுப்பு. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. தேவையானதை இரத்தத்துக்கே திருப்பித் தந்துவிட்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. மெரிட்டுக்கு இந்த வடிகட்டிகள் தழும்பேறிச் சுருங்கிவிட்டன. சிவப்பணுக்களை உற்பத்தி செய்யும்படி எலும்பு மஜ்ஜைக்குச் செய்தி அனுப்பும் எரித்ரோபொயடின் என்ற சுரப்பும் சிறுநீரகத்தில்தான் உண்டாகிறது. அது குறைந்தால் இரத்த சோகை வரும், களைப்பு வாட்டும்.

2015-இல் அவருடைய சிறுநீரகங்கள் இருபது சதவீதத்துக்கும் குறைவாகவே வேலை செய்தன. அந்த நிலையிலும் ஆகஸ்ட் 28 அன்று பெய்ஜிங் உலகப் போட்டியின் இறுதி ஓட்டத்தில் 13.04 விநாடியில் ஓடி வெண்கலம் பெற்றார். இது எப்படி முடிந்தது? பதின்மூன்று விநாடி ஓட்டத்துக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியைத் தசைகள் முன்பே சேமித்து வைத்திருக்கின்றன. அப்போதைக்கு மூச்சில் வரும் ஆக்சிஜனை அவை அதிகம் நம்பியிருப்பதில்லை. ஆனால் அந்த ஓட்டத்துக்குத் தயாராகும் நீண்ட பயிற்சிக்கும், பிறகு களைப்புத் தீர்வதற்கும் ஆக்சிஜன் அவசியம். அங்கேதான் அவர் மிகவும் துன்பப்பட்டார்.

நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 1 அன்று, அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. சிறுநீரகம் தந்தவர் அவருடைய உடன்பிறந்த சகோதரி. ஆரோக்கியமான ஒருவர் ஒற்றைச் சிறுநீரகத்தோடு நன்றாக வாழ முடியும் என்பதால்தான் இந்தத் தானம் சாத்தியமாகிறது.

புதிய சிறுநீரகத்தைப் பொதுவாகப் பழைய இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றில் முன்பக்கமாக வைக்கிறார்கள். அங்கே விலா எலும்பின் காவல் கிடையாது. தடையைத் தாண்டுகிறவரோ ஒவ்வொரு தாவலிலும் மார்பு தொடையை நெருங்கும்படி இடுப்பை மடக்க வேண்டும். அவர் எதை மீறி ஓடினார் என்று இப்போது புரிகிறதா? அது மட்டுமல்ல. வேற்று உறுப்பை உடம்பு எதிர்த்துத் தாக்காமல் இருக்க, வாழ்நாள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டும்.

பத்து மாதம் கழித்து, 2016 ஜூலையில், ரியோ ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தேர்வு ஓட்டம் நடந்தது. முதல் மூவருக்கே இடம். மெரிட் 13.22 விநாடியில் நான்காவதாக வந்தார். மூன்றாவது வந்தவரின் நேரம் 13.21. அந்த வேகத்தில் விநாடியில் நூறில் ஒரு பங்கு என்பது சுமார் 8 சென்டிமீட்டர் தூரம். உங்கள் உள்ளங்கையின் அகலத்தை அளந்து பாருங்கள்; ஏறத்தாழ அவ்வளவுதான்!

அவர் ஓட்டத்தை விட்டுவிடவில்லை. 2017-இல் உலகப் போட்டி லண்டனில், அவர் ஒலிம்பிக் தங்கம் வென்ற அதே மைதானத்தில் நடந்தது. சகோதரி தந்த சிறுநீரகத்தோடு இறுதி ஓட்டத்தில் ஓடி, 13.31 விநாடியில் ஐந்தாவது இடம் பெற்றார். பதக்கம் இல்லை. ஆனாலும் அந்த ஓட்டத்தை எப்படி மதிப்பிடுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரு சிறு சோதனை. மைதானத்தில் 13.72 மீட்டர் தூரத்துக்கு இரு கோடுகள் போடுங்கள். இரண்டாவது கோட்டுக்கு 2 மீட்டர் முன்பாக இன்னொரு கோடு. முதல் கோட்டிலிருந்து இந்த நடுக்கோட்டுக்கு ஓடி, எத்தனை தப்படி ஆகிறது என்று நண்பரை எண்ணச் சொல்லுங்கள். பிறகு அதில் ஒன்றைக் குறைத்து ஓடிப் பாருங்கள்!