தோல்வியைக் கணக்கெடுத்த பேராசிரியர்

"இ-சேவை மையத்துல போய் சர்ட்டிபிகேட் எடுக்குறதுக்கெல்லாம் ஒரு படிப்பா?" எங்க ராசிங்காபுரத்துல மின் ஆளுமை ஆய்வு பத்திப் பேச்செடுத்தா இப்படித்தான் கேப்பாங்க. நியாயமான கேள்விதான்.

அந்தத் துறையில் முக்கியமான பெயர், மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹீக்ஸ். வளரும் நாடுகளின் மின் ஆளுமைத் திட்டங்களில் 35 விழுக்காடு முழுத் தோல்வி, 50 விழுக்காடு பாதித் தோல்வி, வெறும் 15 விழுக்காடுதான் வெற்றி என்று 2003-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார். காரணமாக அவர் சொன்னது, திட்டம் போட்டவர் மனசுல இருக்கும் ஆபீஸுக்கும் நிஜ ஆபீஸுக்கும் உள்ள இடைவெளி.

இதற்குச் சாட்சி தேடி தூரம் போக வேண்டாம். மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் 2001-ல் 'சாரி' என்ற திட்டம் வந்தது. சென்னை ஐஐடி, ஹார்வர்டு, எம்ஐடி எல்லாம் அதில் கூட்டு. கிராமத்து இணைய மையத்திலேயே சாதி, வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். மைக்கேல் பெஸ்ட்டும் தமிழ்நாடு ஐஏஎஸ் அதிகாரி ராஜேந்திர குமாரும் இதை ஆராய்ந்து 2006-ல் எழுதினார்கள். ஜனங்களுக்குப் பலன் கிடைத்தது உண்மை. ஆனால் ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாறிப் போனதும் அரசு சேவைகள் நீடிக்கவில்லை.

மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போறவங்களுக்கு, தாலுகா ஆபீஸ் அலைச்சல் ஒரு நாள்னா ஒரு நாள் கூலி போச்சு. அதனால புதுசா எந்தத் திட்டம் வந்தாலும் நான் முதல்ல கேக்குறது இதுதான்: இந்த ஆபீசர் மாறிப் போனா, இது ஓடுமா?