ஒரு ரவுண்டின் விலை: செயின்ட் பியர் – ஹென்ட்ரிக்ஸ் சண்டையும் மதிப்பெண் கணக்கும்

எம்எம்ஏ சண்டைகளைப் பல வருடங்களாக டிவியில் பார்த்து வருகிறேன். அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு என்றால் நமக்கு ஞாயிறு காலை. காபியோடு உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு வரை ஓடும். வீட்டில் யாருக்கும் இது பிடிக்காது. "காலங்காத்தால ரத்தத்தைப் பாக்கணுமா?" என்ற கேள்வி வாராவாரம் வரும். நியாயமான கேள்விதான். கடைசியில் அதற்கு வருகிறேன்.

இந்தக் குறிப்பு வேறொரு கேள்வியைப் பற்றியது. சண்டை நாக்அவுட்டிலோ சப்மிஷனிலோ முடியாமல் தீர்ப்புக்குப் போனால், பாதி நேரம் ரசிகர்கள் "கொள்ளை!" என்று கத்துகிறார்கள். நானும் கத்தியவன்தான். ஒரு சண்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்து, தாளில் எழுதிக் கணக்குப் போட்ட பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. நாம் திட்டுவது ஜட்ஜுகளை. பல சமயம் குற்றவாளி அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட அளவுகோல்.

அந்தச் சண்டை

2013 நவம்பர் 16, லாஸ் வேகாஸ் எம்ஜிஎம் கிராண்ட் அரங்கம், யூஎஃப்சி 167. யூஎஃப்சியின் இருபதாம் ஆண்டு நிறைவு நிகழ்ச்சி. வெல்டர்வெயிட் சாம்பியன் ஜார்ஜ் செயின்ட் பியர், கனடாக்காரர். 2008-லிருந்து பட்டத்தை விடாமல் வைத்திருந்தவர். எதிரே ஜானி ஹென்ட்ரிக்ஸ்: கல்லூரி மல்யுத்தத்தில் தேசிய சாம்பியனாக இருந்தவர், இடது கையில் இடி மாதிரி குத்து.

ஐந்து ரவுண்டும் போனது. முடிவில் செயின்ட் பியரின் முகத்தைப் பார்த்தால் அவர் ஜெயித்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீங்கிப்போய் அடையாளமே மாறியிருந்தது. ஹென்ட்ரிக்ஸ் முகம் ஒப்பிட்டால் பரவாயில்லை. தீர்ப்பு: 48-47, 47-48, 48-47. இரண்டு ஜட்ஜுகள் செயின்ட் பியருக்கு, ஒருவர் ஹென்ட்ரிக்ஸுக்கு. பட்டம் செயின்ட் பியரிடமே இருந்தது.

யூஎஃப்சி தலைவர் டேனா வைட்டே கொதித்துப் போனார். ஹென்ட்ரிக்ஸ்தான் ஜெயித்தார் என்று வெளிப்படையாகச் சொல்லி, ஜட்ஜுகளை நியமித்த நெவாடா தடகள ஆணையத்தைத் திட்டினார். இங்கே ஒரு விவரம்: ஜட்ஜுகளை யூஎஃப்சி நியமிப்பதில்லை, சண்டை நடக்கும் மாநிலத்தின் ஆணையம்தான் நியமிக்கிறது. "கம்பெனியே தனக்கு வேண்டியவரை ஜெயிக்க வைக்குது" என்ற டீக்கடைத் தியரிக்கு இது முதல் அடி.

இரண்டாவது அடி மதிப்பெண் தாளில் இருக்கிறது. மூன்று ஜட்ஜுகளும் நான்கு ரவுண்டுகளில் ஒரே மாதிரிதான் போட்டிருக்கிறார்கள். இரண்டும் நான்கும் ஹென்ட்ரிக்ஸுக்கு, மூன்றும் ஐந்தும் செயின்ட் பியருக்கு. கருத்து வேறுபாடு முதல் ரவுண்டில் மட்டும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் உலகப் பட்டம் தொங்கியது.

பத்துக்கு ஒன்பது

இப்போது அளவுகோலுக்கு வருவோம். 1993-ல் டென்வரில் நடந்த முதல் யூஎஃப்சியில் ஜட்ஜும் இல்லை, ரவுண்டு மதிப்பெண்ணும் இல்லை. யாராவது ஒருவர் தோற்கும்வரை சண்டை. பிறகு நேரக் கட்டுப்பாடு வந்தது. நேரம் வந்தால் முடியாத சண்டைக்குத் தீர்ப்பு வேண்டும். அதற்குக் குத்துச்சண்டையின் முறையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவருக்குக் கட்டாயம் 10, தோற்றவருக்கு 9. ரொம்ப மோசமாகத் தோற்றால் 8.

பெரிய குத்துச்சண்டைகள் பன்னிரண்டு ரவுண்டு. ஒரு ரவுண்டில் தவறு நடந்தாலும் அதன் எடை பன்னிரண்டில் ஒன்று. எம்எம்ஏ சண்டை பெரும்பாலும் மூன்று ரவுண்டு, பட்டத்துக்கு ஐந்து. இங்கே ஒரு ரவுண்டு என்பது மூன்றில் ஒன்று! பன்னிரண்டு பாகமாக வெட்டத் தயாரித்த கத்தியை மூன்று பாகம் வெட்டக் கொண்டுவந்துவிட்டார்கள்.

சாஃப்ட்வேர் ஆட்களுக்குச் சட்டென்று புரியும்: இது ரவுண்டிங் எரர். ஒரு ரவுண்டை மயிரிழையில் ஜெயித்தாலும் 10-9. தெளிவாக ஜெயித்தாலும் 10-9. 8 போடும் அளவுக்கு அடி விழாதவரை இரண்டும் ஒன்றுதான். தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முதலிலேயே வெட்டியெறிந்துவிட்டு அப்புறம் கூட்டுகிறோம்.

மற்றவர்களுக்குத் தேர்தல் உதாரணம் போதும். ஒரு கட்சி மூன்று தொகுதிகளில் நூறு நூறு ஓட்டில் ஜெயிக்கிறது. எதிர்க்கட்சி இரண்டு தொகுதிகளில் ஐம்பதாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்கிறது. மொத்த ஓட்டு எதிர்க்கட்சிக்குத்தான் அதிகம். ஆனால் ஆட்சி 3-2. யாரும் கள்ள ஓட்டுப் போடவில்லை. விதி அப்படி.

செயின்ட் பியர் – ஹென்ட்ரிக்ஸ் சண்டையை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். இரண்டாம் ரவுண்டில் ஹென்ட்ரிக்ஸ் சாம்பியனைத் தடுமாற வைத்தார். அந்த வித்தியாசம் பெரிது. ஐந்தாம் ரவுண்டில் செயின்ட் பியர் டேக்டவுன் வைத்து முன்னால் போனார், அந்த வித்தியாசம் சிறிது. தாளில் இரண்டும் சமம். டிவி பார்க்கும் நாமோ மனசுக்குள் மொத்த அடியைக் கூட்டுகிறோம், கடைசியில் இரண்டு முகங்களையும் பார்க்கிறோம். நாம் போட்டது ஒரு கணக்கு, ஜட்ஜிடம் கேட்டது வேறு கணக்கு.

ஜட்ஜால் நம்மைப் போலத் திரும்பிப் பார்த்துக் கூட்டவும் முடியாது. ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் அவரது சீட்டை வாங்கிக்கொள்வார்கள். நான்காம் ரவுண்டில் எவ்வளவு அடி விழுந்தாலும் முதல் ரவுண்டைத் திருத்த வழியில்லை.

ஒரு சின்னக் கணக்கு

மூன்று ரவுண்டு சண்டை. 'அ' உண்மையில் இரண்டு ரவுண்டு ஜெயித்தார், 'ஆ' ஒன்று. ஜட்ஜ் எந்த ரவுண்டையும் சரியாகச் சொல்ல 80 சதவீதம் வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இந்த 80 என் அனுமானம், யாரும் அளந்தது அல்ல.

'அ'-வின் இரண்டு ரவுண்டும் சரியாகப் போட வாய்ப்பு 0.8 × 0.8 = 0.64. அதில் ஒன்றை மட்டும் சரியாகப் போட்டு, 'ஆ'-வின் ரவுண்டைத் தவறுதலாக 'அ'-வுக்குக் கொடுக்க 0.32 × 0.2 = 0.064. கூட்டினால் 0.704. அதாவது எண்பது மார்க் ஜட்ஜ், வெற்றியாளரைச் சொல்லும்போது எழுபது மார்க் ஜட்ஜ் ஆகிவிடுகிறார். மூன்று ஜட்ஜுகள் ஒருவரை ஒருவர் பாதிக்காமல் போட்டு, பெரும்பான்மை எடுத்தால் சுமார் 79 சதவீதம். இப்படிப்பட்ட நெருக்கமான சண்டைகளில் ஐந்தில் ஒன்று தப்பாகப் போகும். லஞ்சம், பாரபட்சம் எதுவுமே தேவையில்லை.

நான் பார்க்கும் முறை

அதனால் இப்போதெல்லாம் தீர்ப்புக்குப் போகிற மாதிரி தெரிந்தால் இப்படிச் செய்கிறேன். நீங்களும் செய்து பாருங்கள்.

முதலில், ஒலியை நிறுத்திவிடுவேன். வர்ணனையாளர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்களுக்கு ஒரு கதை வேண்டும். "இவர் களைத்துவிட்டார்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த பத்து நிமிடம் நம் கண்ணுக்குக் களைப்பு மட்டும்தான் தெரியும். கூண்டருகே இருக்கும் ஜட்ஜுக்கு அந்தக் குரல் கிடையாது. செயின்ட் பியர் சண்டையின் முதல் ரவுண்டை ஒலியோடு பார்த்தபோது எனக்கு அது தெளிவாக ஹென்ட்ரிக்ஸ் ரவுண்டு. ஒலியில்லாமல் பார்த்தபோது, ஆரம்பத்திலேயே செயின்ட் பியர் வைத்த டேக்டவுனும் ஹென்ட்ரிக்ஸின் எல்போக்களும் எதிரெதிரே நின்றன. இன்றும் ஹென்ட்ரிக்ஸ் பக்கம்தான் சாய்வேன். ஆனால் சத்தியம் பண்ண மாட்டேன்.

இரண்டாவது, ரவுண்டு முடிந்த உடனே எழுதிவிடுவேன், பக்கத்தில் "நிச்சயம்" அல்லது "ஊசல்" என்று குறிப்பு. என் "நிச்சய" ரவுண்டு ஜட்ஜின் தாளில் மாறியிருந்தால் மட்டும்தான் கோபம். ஊசல் ரவுண்டு எந்தப் பக்கம் போனாலும் வாய் திறக்கக்கூடாது. இந்த ஒரு பழக்கத்தால் நான் பார்த்த "கொள்ளை"களில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது.

மூன்றாவது, விதியின் வரிசையை மறக்காமல் இருப்பது. 2017-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, முதலில் பார்க்க வேண்டியது அடியும் மல்யுத்தமும் ஏற்படுத்திய விளைவு. அது முழுச் சமமாக இருந்தால்தான் யார் முன்னேறித் தாக்கினார் என்பது. அதுவும் சமம் என்றால்தான் கூண்டின் நடுவை யார் பிடித்திருந்தார் என்பது. "அவன்தான் முன்னாடி முன்னாடி போய்க்கிட்டே இருந்தான்" என்பது பெரும்பாலும் வாதமே அல்ல.

வேறு வழிகள்

இருக்கின்றன. ஜப்பானின் பிரைடு அமைப்பு சண்டையை முழுதாகப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது. சிங்கப்பூரின் ஒன் சாம்பியன்ஷிப் எம்எம்ஏ சண்டைகளில் அதையே செய்கிறது. அதில் நம் மனக்கணக்குக்கு அருகில் தீர்ப்பு வரும், ஆனால் கடைசி நிமிடம் மனதில் அதிகம் தங்கிவிடும் ஆபத்து உண்டு. 2020-ல் கன்சாஸ் மாநிலத்தில் இன்விக்டா என்ற பெண்கள் அமைப்பு, ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் மதிப்பெண்ணை அறிவித்துப் பார்த்தது. பின்தங்கியவருக்கு விஷயம் தெரியும், துணிந்து இறங்கலாம். ஆனால் முன்னால் இருப்பவர் கடைசி ரவுண்டில் ஓடி ஒளியலாம். எதுவும் இலவசமில்லை.

யார் கொடுக்கும் விலை

ரசிகனுக்கு இது ஒரு வாரச் சண்டை. வீரருக்கு அப்படியில்லை. யூஎஃப்சியின் பல ஒப்பந்தங்களில் சம்பளம் இரண்டு துண்டு: களமிறங்கியதற்கு ஒரு தொகை, ஜெயித்தால் அதே அளவு இன்னொரு தொகை. ஒரு ஊசல் ரவுண்டு எதிர்ப்பக்கம் விழுந்தால் அன்றைய சம்பளத்தில் பாதி போச்சு. மூன்று மாதப் பயிற்சி, பயிற்சியாளர் பங்கு, உடம்பில் வாங்கிய அடி எதுவும் பாதியாவதில்லை. என் அலுவலகத்தில் பாதிச் சம்பளத்தை ரவுண்டிங் எரரில் தீர்மானித்தால் நான் சும்மா இருப்பேனா?

ஹென்ட்ரிக்ஸுக்கு ஓரளவு நியாயம் கிடைத்தது. அடுத்த மாதமே செயின்ட் பியர் பட்டத்தைத் துறந்தார். 2014 மார்ச்சில் டல்லாஸில் ராபி லாலரை ஜெயித்து ஹென்ட்ரிக்ஸ் சாம்பியன் ஆனார். அப்படி இரண்டாவது வாய்ப்புக் கிடைக்காதவர்கள்தான் அதிகம்.

இப்போது வீட்டில் கேட்ட கேள்வி. அடியின் விளைவுக்கு அதிக மதிப்பெண், 10-8 தாராளமாகப் போட வேண்டும் என்று நான் வாதாடும்போது, நடைமுறையில் என்ன கேட்கிறேன்? இன்னும் பலமாக, இன்னும் தலையில் அடிப்பவருக்குக் கூடுதல் கூலி கேட்கிறேன். மூளைக்கு நல்லதில்லை என்று தெரிந்த ஒன்றுக்கு ஊக்கத்தொகை. நியாயமான மதிப்பெண் என்பது பாதுகாப்பான சண்டை ஆகாது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கலாம். இதற்கு என்னிடம் விடை இல்லை.

விடை இல்லாததால் இப்போது நான் கேட்பது சின்னதுதான். அந்த ஜெயித்தால்-மட்டும் தொகையை முதல் தொகையோடு சேர்த்து இருவருக்கும் கொடுத்துவிடுங்கள். மதிப்பெண் தவறினால் தவறட்டும், பதிவேட்டில் ஒரு தோல்வி விழும், நாங்கள் ஒரு வாரம் கத்துவோம். ஒருவர் வீட்டு வாடகை அந்த ஐந்து நிமிடத்தில் தொங்கக்கூடாது.